புகழின் எட்டு வேற்றுமை

பாயிரம்

எழுதினோன் ஒருவனே, எழுதுவித் தோரும்
அச்சிட் டோரும் அபகரித் தோரும்
வரைந்தும் நடித்தும் வளர்த்தோர் தாமும்
புகழ்க்குரி யோரெனப் போந்துநின் றனரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் அடைந்த புகழில் யார் யாருக்கு என்னென்ன உரிமை என்னும் நெடுநாள் வழக்கைத் தீர்த்துவைத்தல் நுதலிற்று.

எடுத்துக்காட்டாக நிற்பவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1892-இல் பிறந்து 1973-இல் மறைந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937-இல் 'தி ஹாபிட்' வெளிவந்தது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் புகழ் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் சொத்துக்கு உரிமையாளர் பெருகுவது உலக வழக்கு. ஆதலின் இங்கும் நண்பர் கட்சி, பதிப்பாளர் கட்சி, மகன் கட்சி, திரைப்படக் கட்சி என நான்கு கட்சிகள் தோன்றின. திரைப்படக் கட்சியினருள் சிலர், படம் ஓடிய பிறகே கதையை நூலாகப் போட்டார்கள் என்று நம்புவோர். அவர்களுக்கு இந்நூலில் விடை இல்லை.

முந்தையோர் இவ்வழக்கைச் சதவீதத்தால் தீர்க்க முயன்றனர். அது பொருந்தாது. என்னை? சதவீதம் ஒரே இனப் பொருளைப் பகுப்பதற்கு உரியது. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்பதும் தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்பதும் வழுவற்ற தொடர்களே. அதற்காக அரசனுக்கு அறுபது, தச்சனுக்கு நாற்பது என்று எந்த இலக்கண ஆசிரியரும் பிரித்துக் கொடுத்ததில்லை. ஒருவன் ஏவினான், மற்றவன் இயற்றினான்; உறவு வேறு. புகழும் இவ்வாறே உருபேற்று வேறுபடும். அவ்வேற்றுமை எட்டு என்பது இந்நூலின் துணிபு.

முதல் வேற்றுமை: எழுவாய்

செய்தோன் எழுவாய், மறையினும் அதுவே.

முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. எழுதியவர் பெயர் எந்த ஒட்டும் இன்றித் தானே நிற்க வேண்டும். இங்கேயே முதல் சிக்கல் எழுகிறது. டோல்கீன் இந்த இடத்தில் நிற்க மறுத்தவர். கதையை எழுதியவர்கள் பில்போ, ஃப்ரோடோ, சாம் என்னும் ஹாபிட்டுகள். அவர்கள் எழுதிய செந்நிற ஏடு ஒன்று கிடைத்தது. பழைய மொழி ஒன்றிலிருந்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்ததே தம் வேலை என்று பின்னிணைப்பு எழுதி, பெயர்ப்பு முறைக்கும் விளக்கம் கொடுத்தார். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ஆள் இருப்பார், சொல்லில் வரமாட்டார். டோல்கீன் அப்படி இருக்க ஆசைப்பட்டார்.

தோன்றாவிடினும் எழுவாய் எழுவாயே என்பதற்குச் சான்றுகள் பல. தேர்வுத் தாள் திருத்தும்போது ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் ஹாபிட் என்னும் சொல்லோடு ஒரு வரியை எழுதியது அவர் கை. 1937 டிசம்பரில் தொடங்கிய அடுத்த நூலை 1949 வரை இழுத்து முடித்ததும் அவரே. அந்தப் பெரிய கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்ய ஆள் வைக்கக் காசில்லாமல் தாமே தட்டச்சு செய்ததை முன்னுரையில் அவரே சொல்கிறார். கதைக்கு முன்பே கதைமாந்தர் பேசும் மொழிகளுக்கு ஒலியியலும் சொல்லியலும் வகுத்துவைத்த எழுத்தாளர் வேறு எவர்?

எனவே முதல் வேற்றுமை ஒருமைக்கே உரியது. இதில் பன்மை இல்லை. ஏனைய உரிமையாளர் அனைவரும் இனிவரும் ஏழில் இடம் தேடிக்கொள்க.

இரண்டாம் வேற்றுமை: ஐ

நூலை ஆக்கியும் நூலைச் சிதைத்தும்
தொட்டோர் எல்லாம் இரண்டன் பாலர்.

நூலை என்ன செய்தார் என்ற வினாவுக்கு விடையாக வருவோர் இவ்வகையினர். நால்வகைப்படுவர்.

ஒன்று, அழகுபடுத்தியோர். மகன் கிறிஸ்டோபர் வரைந்த நிலப்படம் இல்லாமல் அந்தப் பயணக் கதையை வாசிப்பவர் இரண்டாம் அத்தியாயத்திலேயே வழி தவறுவார். ஓவியர் பாலின் பெய்ன்ஸ், பிற்காலத்தில் ஆலன் லீ, ஜான் ஹவ் ஆகியோரும் இவ்வகையினர்.

இரண்டு, சிதைத்தோர். இவருள் தலையாயவர் அச்சகத்தார். குள்ளர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பன்மையை டோல்கீன் வேண்டுமென்றே பழைய சாயலில் எழுதினார். அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு அச்சகத்தார் அதை நூல் முழுதும் "திருத்தி" வைத்தனர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பணியிலேயே முன்பு வேலை பார்த்த ஒருவருக்கு நேர்ந்த கதி இது. 1957-இல் வந்த ஒரு திரைக்கதை வரைவும் இவ்வகையே. அதைப் படித்த டோல்கீன் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார்.

மூன்று, கைவிட்டோர். ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் 'சில்மரில்லியன்' கதைகளையும் சேர்த்துப் போடத் தயங்கியதால், டோல்கீன் காலின்ஸ் நிறுவனத்தை நாடினார். அங்கேயும் பேச்சு நீண்டு முறிந்தது. கைவிட்டவருக்கும் புகழில் பங்கு உண்டோ எனின், உண்டு. அவர்கள் விட்ட இடத்தில்தான் மூன்றாம் வேற்றுமையார் வந்து நின்றனர்.

நான்கு, நூலைக் காணாமலே நூலைத் தொட்டோர். 1965-இல் அமெரிக்காவில் வந்த 'தி ஹாபிட்' மலிவுப் பதிப்பின் அட்டையில் ஒரு சிங்கமும் இரண்டு ஈமு பறவைகளும் நின்றன. கதையில் இவை எங்கும் இல்லை. இவை எங்கிருந்து வந்தன என்று ஆசிரியர் கேட்டார். வரைந்தவருக்கு நூலைப் படிக்க நேரம் வாய்க்கவில்லை என்பதே விடை. சிங்கம் பின்வந்த அச்சுகளில் நீங்கியது. நூலோ லட்சக் கணக்கில் விற்றது. அட்டைப்படமே விற்பனைக்குக் காரணம் என்னும் கொள்கையை நிலைநாட்ட முயல்வோர் இந்த ஈமுக்களுக்கு விடை சொல்லிவிட்டு மேலே செல்க.

மூன்றாம் வேற்றுமை: ஆல், ஓடு

ஏவினோன் கருவி உடன்இருந் தோன்என
மூவகைத் தாகும் மூன்றன் புகழே.

வழக்கின் உயிர்நிலை இதுவே. உரிமை கோருவோருள் வலியோர் எல்லாம் இங்கே கூடுகின்றனர்.

ஏவுதற் கருத்தாக்களுள் முதல்வர் சி. எஸ். லூயிஸ். 1926-இல் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்தனர். டோல்கீன் எழுதத் தொடங்குவதில் வல்லவர், முடிப்பதில் அல்லர். ஓர் இலையை வரைந்து வரைந்து மரத்தை முடிக்காமல் போகும் ஓவியனைப் பற்றி ஒரு சிறுகதையே எழுதியவர். தம் எழுத்து ஒரு தனிப்பட்ட பொழுதுபோக்குக்கு மேற்பட்டது என்னும் எண்ணம் லூயிஸிடமிருந்தே தமக்கு வந்தது என்றும், அவர் விடாது கேட்டிராவிட்டால் நூலை முடித்திருக்க மாட்டேன் என்றும் டோல்கீன் எழுதியிருக்கிறார்.

அப்படியாயின் லூயிஸை இணையாசிரியர் எனலாமோ எனின், ஆகாது. அதை மறுப்பவர் லூயிஸே. டோல்கீனிடம் யாருடைய செல்வாக்கும் ஏறாது. குறை சொன்னால் முதலிலிருந்து திருப்பி எழுதுவார் அல்லது காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார் என்பது அவர் கண்டறிந்தது. ஏவினார், இயற்றவில்லை. அரசன் கோயில் கட்டியதும் இப்படித்தான்.

ஏவுதற் கருத்தாக்களுள் வயதில் இளையவர் ரேனர் அன்வின். 'தி ஹாபிட்' கையெழுத்துப் படியை இலேன் கிரிஃபித்ஸ் என்னும் மாணவி படித்திருந்தார். அவர் சொல்லி, பதிப்பகத்தில் பணிபுரிந்த சூசன் டாக்னல் வாங்கிப் படித்தார்; இவ்விருவரும் கருவி. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். குழந்தைகளுக்கான நூலைக் குழந்தையே மதிப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. மதிப்பீட்டுக் கூலி ஒரு ஷில்லிங். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று பத்து வயதுப் பெரியவர் சான்றளித்தார். பதிப்புலகில் ஒரு ஷில்லிங்குக்கு இவ்வளவு ஆதாயம் வந்த வரலாறு வேறில்லை.

பின்னர் 1952-இல் அதே ரேனர் பதிப்பாளராக வந்து பெரிய நூலைக் கேட்டு வாங்கினார். ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம், ஆயினும் இது மேதையின் படைப்பு என்று தந்தைக்கு எழுதினார். அப்படி நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று தந்தை விடை எழுதினார். நட்டத்துக்கு அஞ்சியே ஓர் உடன்பாடு செய்தனர்: முன்பணம் இல்லை, செலவு மீண்ட பிறகு ஆதாயத்தில் ஆசிரியருக்குச் சரிபாதி. ஆசிரியரைச் செல்வராக்கியது, அவர் ஏழையாகவே இருப்பார் என்று எண்ணி எழுதிய அந்த உடன்பாடு.

உடனிகழ்ச்சிப் பொருளில் வருவோர் கூட இருந்தோர். இங்க்லிங்ஸ் என்னும் நண்பர் குழு லூயிஸின் அறையில் கூடி, வாசிக்கக் கேட்டது. அவருள் ஹியூகோ டைசன் என்பவருக்கு இந்தக் கதை பிடிக்காது. அவர் வந்தால் வாசிப்பு நிற்கும். உடனிருந்து தடுத்தவரும் உடனிருந்தவரே ஆதலின் அவருக்கும் ஓடு உருபு கொடுக்கப்பட்டது. பள்ளித் தோழர்களான ராப் கில்சனும் ஜி. பி. ஸ்மித்தும் 1916-இல் போரில் இறந்தனர். தாம் இறந்தாலும் தம் குழு சொல்ல நினைத்ததை நீ சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஸ்மித் டோல்கீனுக்கு எழுதியிருந்தார். இவரை உடனிகழ்ச்சியில் வைப்பதா, ஏவுதலில் வைப்பதா என்பதில் உரைகாரர் மாறுபடுவர். இரண்டிலும் வைப்பதே முறை.

நான்காம் வேற்றுமை: கு

மகவும் நட்பும் பகையும் நான்கே.

யாருக்கு எழுதினார், யார் அவருக்கு நண்பர், யார் பகைவர் என்பவை இங்கே அடங்கும்.

பொருட்டுப் பொருள்: ஹாபிட் கதை முதலில் வீட்டுப் பிள்ளைகளின் பொருட்டுச் சொல்லப்பட்டது. அவருள் ஒருவன், பில்போவின் வாசற்கதவு போன முறை நீலம், இப்போது பச்சை என்று இடைமறித்தான். தந்தை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்க் குறித்துவைத்தார். அந்தப் பையன் கிறிஸ்டோபர். இவன் பெயர் இந்நூலில் இன்னும் பலமுறை வரும்.

நட்புப் பொருள்: கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். நூல் வந்தவுடன் அமெரிக்க இதழ்களில் எழுதிப் பரிந்துரைத்தார்.

தகுதிப் பொருள்: 1961-இல் லூயிஸ் டோல்கீன் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். கதை சொல்லும் திறம் உயர்தரத்தது அன்று என்று கருதிக் குழு தள்ளியது. தள்ளிய குழுவினர் பெயரை இன்று நாம் தேடி அறிகிறோம் என்றால் அது டோல்கீனை முன்னிட்டே. புகழ் சில நேரம் எதிர்த்திசையிலும் பாயும்.

பகைப் பொருள் இருவகை. சொற்பகை, பொருட்பகை. சொற்பகைக்கு எட்மண்ட் வில்சன். 1956-இல் இவர் எழுதிய கடுமையான மதிப்புரை, டோல்கீன் வாசகர் ஒருவரையும் குறைத்ததாகத் தெரியவில்லை.

பொருட்பகைக்கு ஏஸ் புக்ஸ் நிறுவனம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டு, 1965-இல் அனுமதி பெறாமலே 75 சென்ட் விலையில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலைப் பேப்பர்பேக்காக வெளியிட்டது. அதுவரை கெட்டி அட்டையில் நூலகத்திலும் பேராசிரியர் வீட்டிலும் இருந்த நூல், மாணவர்களின் சட்டைப் பைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. அதே ஆண்டு பாலன்டைன் நிறுவனம் திருத்திய, அனுமதி பெற்ற பதிப்பை 95 சென்டுக்குக் கொண்டுவந்தது. உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு மரியாதை உள்ளோர் இதை மட்டும் வாங்குக என்ற பொருளில் அதன் அட்டையில் ஆசிரியர் அறிக்கையும் இருந்தது. டோல்கீன் தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கெல்லாம் திருட்டைப் பற்றி எழுதினார். வாசகர் கொதித்தனர், செய்தித்தாள் எழுதியது, நூல் பறந்தது. 1966-இல் ஏஸ் பணிந்து, ராயல்டி கொடுக்கவும் மறுபதிப்பு போடாதிருக்கவும் ஒப்பியது.

இங்கே ஒரு கடா. திருடனுக்குப் புகழில் பங்கு உண்டோ? உண்டு. நன்றிக்கு உண்டோ? இல்லை. புகழுக்குக் காரணமாதல் வேறு, நன்றிக்கு உரியராதல் வேறு. இந்நூலைக் கற்போர் இவ்வொரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொண்டாலும் போதும்.

ஐந்தாம் வேற்றுமை: இன்

பெற்றதும் ஐந்தே, பிறர்பெற் றதும்அதே.

நீங்கற் பொருளில், எங்கிருந்து வந்தது என்பது கேள்வி. 'தி ஹாபிட்' கதையின் குள்ளர் பெயர்கள் பழைய நார்ஸ் மொழிப் பாடலான 'வோலுஸ்பா'வின் பெயர்ப் பட்டியலிலிருந்து வந்தவை. மந்திரவாதி கண்டால்ஃபின் பெயரும் அப்பட்டியலில் உள்ளதே. புதையலிலிருந்து கிண்ணத்தைத் திருட, டிராகன் சினந்து எழும் நிகழ்ச்சி 'பேவுல்ஃப்' காவியத்திலிருந்து. 'சில்மரில்லியன்' நூலில் வரும் டூரின் கதை ஃபின்லாந்தின் 'கலேவலா'விலிருந்து. எல்ஃப் மொழிகளுள் ஒன்றுக்கு ஃபின்னிய மொழியும் மற்றொன்றுக்கு வெல்ஷ் மொழியும் ஊற்று. பெயர் தெரியாத நார்ஸ் புலவனுக்கும் ஆங்கிலப் புலவனுக்கும் இப்புகழில் பங்கு உண்டு. அவர்கள் வழக்குத் தொடுக்கமாட்டார்கள்.

ஏதுப் பொருளுக்கு ஷேக்ஸ்பியர். 'மெக்பெத்' நாடகத்தில் காடு நடந்து வரும் என்று சொல்லி, கடைசியில் கிளை பிடித்த வீரர்கள் நடந்து வந்ததில் சிறுவன் டோல்கீனுக்குப் பெரும் ஏமாற்றம். உண்மையிலேயே மரங்களைப் போருக்கு நடத்திப் பார்க்க வேண்டும் என்று எண்ணியதன் விளைவே எண்டுகள் என்னும் மர மாந்தர். ஏமாற்றியவருக்கும் புகழில் பங்கு கிடைக்கும் என்பது இதனால் பெறப்பட்டது.

ஒப்புப் பொருளில் வருவோர் அவரின் வேறல்லர் என்று தோன்றுமாறு எழுதியோர். 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஹாபிட்டுகள் பெயரோடு உலாவினர். சட்ட அறிவிப்பு வந்ததும் அவர்களுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. கால் மயிர் முதலான அடையாளங்கள் மாறவில்லை. 1977-இல் டெர்ரி புரூக்ஸின் 'தி சோர்ட் ஆஃப் ஷனாரா' வந்தது. பிறகு கடைகளில் மிகுபுனைவுக்கென்றே ஓர் அலமாரி நிரம்பியது. போலிகள் மூலத்தின் விலையைக் குறைக்கும் என்பது தங்கத்துக்குப் பொருந்தலாம். இங்கே, போலியைப் படித்தவர் மூலத்தைத் தேடி வந்தனர்.

ஆறாம் வேற்றுமை: அது

உடலும் உடைமையும் ஒன்றல ஆறனுள்.

கிழமை இருவகை. என்னுடைய கை என்பது தற்கிழமை; பிரிக்க முடியாது. என்னுடைய வீடு என்பது பிறிதின்கிழமை, விற்கலாம். எழுத்தாளரின் புகழைப் பற்றிய வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவை.

1969-இல் டோல்கீன் இரு நூல்களின் திரைப்பட உரிமையை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 1976-இல் அது சால் ஸேன்ட்ஸ் என்பவரிடம் போனது. 1978-இல் ரால்ஃப் பக்ஷியின் அசைவூட்டப் படம் வந்தது. பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்கள் 2001 முதல் 2003 வரை வந்தன. 2022-இல் அந்த உரிமைக் கட்டு எம்ப்ரேசர் குழுமத்துக்குக் கைமாறியது. இதற்கிடையே 2012-இல், கதைமாந்தரைச் சூதாட்ட எந்திரங்களில் பயன்படுத்தியதற்காக டோல்கீன் குடும்பத்தார் வார்னர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து, 2017-இல் சமரசம் செய்துகொண்டனர். பெயரையும் உருவத்தையும் விற்கலாம். கடிதம் எழுதித் திருத்தித் திருத்திச் சொல்லைத் தேர்ந்த அந்தச் செவியை விற்க முடியாது. விற்றதாக எந்தப் பத்திரத்திலும் இல்லை. வாங்கியதாகச் சில விளம்பரங்களில் உண்டு.

ஏழாம் வேற்றுமை: கண்

இடனும் காலமும் ஏழன் பொருளே;
கூலி கேளாக் கொடையவை தாமே.

இடம்: பர்மிங்ஹாமை அடுத்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில் சிறுவயதில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஆலையும் குளமும் வயலுமாக இருந்த அந்த ஊரின் சாயலே ஹாபிட்டுகளின் நாடு. சித்தி ஜேன் நீவ் வாழ்ந்த பண்ணையின் பெயர் பேக் எண்ட். பில்போவின் வீட்டுக்கும் அதே பெயர். யார்க்ஷயரில் ரூஸ் என்னும் ஊருக்கு அருகே 1917-இல் மனைவி ஈடித் காட்டுக்குள் பூக்களுக்கிடையே ஆடியதிலிருந்து எல்ஃப் நங்கை லூதியன் கதை பிறந்தது. ஈடித்தை ஏழாம் வேற்றுமையில் வைப்பதா என்று வாசகர் சினக்க வேண்டா. ஏழாவது அந்தக் காட்டுக்கு உரியது. ஈடித்துக்கு அவருடைய கல்லறையிலேயே லூதியன் என்று பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஓர் உருபு வேண்டியதில்லை.

காலம்: போருக்குப் பிந்தைய காகித விலையால் ஒரே நாவல் மூன்று பகுதிகளாக வந்தது. முத்தொகுதி எழுதினால்தான் மிகுபுனைவு என்று பின்வந்தோர் நம்பியதற்கு அக்காலக் காகித விலையே ஆசான். 1960-களின் அமெரிக்கக் கல்லூரிகளில், மரங்களை வெட்டும் எந்திர வல்லரசை எளியோர் எதிர்க்கும் கதை வேறு பொருளில் படிக்கப்பட்டது. தேவாலயப் பற்றும் பழமைப் பற்றும் மிக்க பேராசிரியர், நீள்முடி இளைஞரின் கொடியானார். இதை அவரும் திட்டமிடவில்லை, பதிப்பாளரும் திட்டமிடவில்லை. சந்தை வல்லுநர் எவரேனும் திட்டமிட்டதாகச் சொன்னால் நம்பற்க.

எட்டாம் வேற்றுமை: விளி

கூவி அழைப்போர் எட்டன் குழுவினர்.

விளி வேற்றுமை அழைப்போர்க்கு உரியது. அண்மை விளி, சேய்மை விளி என இருவகை. அண்மையில் அழைத்தோர் பிரிட்டன் வாசகர். 1997-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் நடத்திய நூற்றாண்டின் நூல் வாக்கெடுப்பிலும், 2003-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பிலும் அவர்கள் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலையே முதலில் நிறுத்தினர். சேய்மையில் அழைத்தோர் பலர். 1965-இல் நியூயார்க்கில் டோல்கீன் சங்கம் தோன்றியது. ஃப்ரோடோ வாழ்கிறான் என்று பொறித்த சின்னங்களைச் சட்டையில் அணிந்து மாணவர் நடந்தனர். எகிப்தில் 1970 முதல் 1973 வரை சிறைப்பட்டிருந்த இஸ்ரேல் விமானிகள், சிறைக்குள்ளேயே 'தி ஹாபிட்' நூலை ஹீப்ருவில் பெயர்த்தனர். அவர்கள் பெயர்ப்பு பின்னர் அச்சிலும் வந்தது.

இவர்களை யாரும் ஏவவில்லை; இவர்களுக்கு ஷில்லிங்கும் இல்லை. ஆனாலும் மற்ற ஏழு வேற்றுமையாரும் செய்தவற்றை வீணாகாமல் காத்தவர் இவர்களே. பதிப்பாளர் நூலைக் கடைக்குக் கொண்டுவரலாம். தலையணை அருகே வைத்துக்கொள்வது வாசகர் முடிவு.

புறனடை

ஒருபெயர் பலவுருபு ஏற்றலும் உளவே;
தொடர்மா றுங்கால் உருபுமா றும்மே.

இரண்டு ஐயங்கள் எஞ்சின. முதலாவது திரைப்படக் கட்சியின் கோரிக்கை. ஜாக்சனின் மூன்றாம் படம் பதினொரு ஆஸ்கர் பெற்றது. 1981-இல் பிபிசி வானொலி நாடகத்தில் ஃப்ரோடோவாகப் பேசிய இயன் ஹோம், அப்படங்களில் முதிய பில்போவாக வந்தார். ஆகவே கூத்து மரபுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. இவர்களுக்கு எந்த உருபு? விடை எளிது. திரைப்படம் தனித்தொடர். அத்தொடரில் ஜாக்சன், திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், பிலிப்பா போயன்ஸ் ஆகியோர் எழுவாய். அங்கே டோல்கீன் ஐந்தாம் வேற்றுமை. அவரின் நீங்கி வந்தது படம். நூலைப் பற்றிய தொடரில் ஜாக்சன் எட்டாம் வேற்றுமை. மற்ற எல்லா வாசகரையும்விட உரக்க அழைத்த வாசகர். இரு தொடர்களையும் ஒன்றாக எழுதுவதால்தான் பூசல்.

இரண்டாவது கிறிஸ்டோபர். நிலப்படம் வரைந்ததால் இரண்டாவது. இங்க்லிங்ஸ் கூட்டத்தில் தந்தையைவிடத் தெளிவாக வாசித்ததால் மூன்றாவது. மகன் என்னும் முறையால் நான்காவது. 1944-இல் விமானப் பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்காவில் இருந்த அவருக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கதை போனது. அவர் கேட்டதால் கதை நகர்ந்தது. அதனால் ஐந்தாவதன் ஏது. வாரிசு என்பதால் ஆறாவது. தந்தை இறந்த பின் ஆக்ஸ்ஃபோர்டு வேலையை விட்டுக் காகிதக் கட்டுகளின்கண் வாழ்ந்ததால் ஏழாவது. 'சில்மரில்லியன்' 1977-இல் வந்தது. 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளில் வரைவுகளின் வரலாறு வந்தது. இவற்றின் முதல் வாசகரும் அவரே ஆதலின் எட்டாவது.

முதல் வேற்றுமையையும் அவர் ஒருமுறை தொட்டார். 'சில்மரில்லியன்' நூலில் டோரியத் என்னும் எல்ஃப் நாட்டின் அழிவைப் பற்றிய அத்தியாயத்துக்குத் தந்தையின் வரைவு போதவில்லை. பின்னாளில் தாமே மிகுபுனைவு எழுத்தாளரான கை கேவ்ரியல் கே அப்போது உதவியாளர். அவரோடு சேர்ந்து கிறிஸ்டோபர் அதை இயற்றினார். பல ஆண்டுகள் கழித்து, பதிப்பாசிரியரின் எல்லையைத் தாம் மீறிவிட்டதாக அவரே எழுதினார். எழுவாய் இடத்தில் அமர வாய்ப்பும் வல்லமையும் வாய்த்தும் எழுந்து நின்றவர் அவர். 2020 ஜனவரியில் 95-ஆம் வயதில் மறைந்தார்.

துணிபு

ஆகவே தீர்ப்பு இது. நூலை எழுதிய புகழ் டோல்கீன் ஒருவருக்கே. அதில் கூட்டு இல்லை. நூல் முடிந்த புகழ் லூயிஸுக்கு. நூல் வெளிவந்த புகழ் ரேனர் அன்வினுக்கு. நூல் பரவிய புகழில் ஏஸ் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு, நன்றி இல்லை. நூல் நிலைத்த புகழில் வாசகருக்கு அடுத்தபடி கிறிஸ்டோபருக்கே முதலிடம். ஈமுக்களுக்கு எதுவும் இல்லை.

இந்நூலைக் கற்றோர் பெறும் பயன்: இனி எவரேனும், இன்னார் இல்லாவிட்டால் அந்த எழுத்தாளரே இல்லை என்று உங்களிடம் அடித்துச் சொன்னால், மறுக்கவும் வேண்டாம், ஒப்பவும் வேண்டாம். எந்த வேற்றுமையில் சொல்கிறீர் என்று மட்டும் கேளுங்கள். விடை வரும்வரை அந்த நூலை இன்னொரு முறை படிக்க நேரம் கிடைக்கும்.